வாவின் வயிறு

சுவரின் கோடியில் சுண்ணாம்பு வாளிகள் தெரிந்தபோது ஸஃபினாஸ் ஹானிம் கைப்பையிலிருந்து அடுத்த பிடி சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“பயூமி, அவங்க என்ன வேகத்துல அடிக்கிறாங்க?”

“எங்க தெரு நாவிதர் மொட்டை போடற வேகம், ஹானிம். தும்மி முடிக்கிறதுக்குள்ள தலை காணாமப் போயிடும்.”

நான் மிகைப்படுத்தவில்லை. மந்திரி ஒருவர் அந்த வழியாகக் காரில் போகப் போகிறார் என்று செய்தி வந்திருந்தது. மந்திரி போகும் வழியில் சுவர் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அலெக்ஸாந்திரியாவில் எழுதப்படாத சட்டம். போன தடவை ஒரு வெள்ளாட்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அது முன்பே வெள்ளை என்பதால் யாரும் கவனிக்கவில்லை, ஆட்டைத் தவிர.

எங்கள் எதிரே கரிந்துபோன ஒரு கிடங்கு. அதன் வெளிச்சுவரில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்க, சிவப்புச் சாயத்தில் இரண்டு அரபிச் சொற்கள்: ‘அடுத்தது நீ.’ நேற்று கிடங்கைக் கொளுத்தியவன் எழுதிவிட்டுப் போனது.

கிடங்கு விளம்பரக்காரர் வக்தியுடையது. எழுத்து ஷாஹிந்தாவுடையது. அதாவது, அந்த எழுத்தின் வடிவத்தை வரைந்தவள் அவள். ஹானிம் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் பெண். இந்த வடிவம் வெளியாள் யாரிடமும் இல்லை என்ற ஒரே காரணத்தால் போலீஸ் காலையிலேயே அவளைக் கூட்டிப்போய்விட்டது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் போலீஸ் வண்டி அவளை அரசு வழக்கறிஞர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது.

ஹானிம், அதாவது எங்கள் அம்மணி, துறைமுகச் சுங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருடைய ஜீப்பை ஓட்டியவன். இப்போது ஜீப் இல்லை. ஓட்டுநர் மட்டும் மிச்சம்.

அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பெயர் ‘பஸல்’. எங்கள் பாஷையில் வெங்காயம். இந்தப் பேட்டையின் பெயரே வெங்காயத் துறை என்பதால் வந்தது. மரப்பெட்டி மேலும் சாக்கு மேலும் தகட்டை வைத்துச் சாயம் அடிப்பார்களே, அந்த ஸ்டென்சில் எழுத்து மாதிரியே வரைந்திருந்தாள். எழுத்துக்கு நடுவே அங்கங்கே வெட்டிவிட்டது போல ஓர் இடைவெளி, மற்ற இடமெல்லாம் பாறை மாதிரி கனம். அது வெளிவந்ததும் ஊரே பைத்தியமாகிவிட்டது. பிஸ்கட் டின், காபிக் கடை, கால்பந்து ரசிகர்களின் கொடி, பல் டாக்டரின் பலகை, எங்கு பார்த்தாலும் வெங்காயம். அந்தப் பலகையைப் பார்த்ததுமே என் பல்வலி பயந்து போய்விட்டது, உள்ளேயே போகவில்லை. என் மைத்துனன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அதில் அச்சடித்தார்கள். பாதிப் பேர் சரக்கு ஏலம் என்று நினைத்து லாரியோடு வந்தார்கள்.

சுவரில் இருந்தது அதிலும் புதுசு. துறைமுகத்தின் பலகைகளுக்கும் கன்டெய்னர்களுக்கும் என்று அவள் தனியாக வரைந்த தடித்த வடிவம். இன்னும் வெளிவரவில்லை. துறைமுகத்தோடு ஒப்பந்தம் இன்றைக்குத்தான் கையெழுத்தாகிறது. ஷாஹிந்தா சிறையில் இருந்தால் அவளுடைய கூட்டாளியான வக்தி மட்டும் கையெழுத்துப் போடுவார். எழுத்து அவர் பெயருக்குப் போய்விடும்.

“ஹானிம், கேஸ் முடிஞ்சுபோச்சு,” என்றார் துணை ஆய்வாளர் நஷ்அத். மீசை முளைத்த சந்தோஷம் இன்னும் தீராத வயது. “இந்த எழுத்து ரெண்டே கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஒண்ணு அந்தப் பொண்ணோடது, இன்னொண்ணு வக்தியோடது. எரிஞ்சது வக்தியோட கிடங்கு. தன் கிடங்கையே கொளுத்திட்டுத் தனக்கே மிரட்டல் எழுதிக்குவானா ஒருத்தன்?”

“எழுதறவன் எழுதுவான், தம்பி. நான் சுங்கத்துல இருந்தப்போ தன் பெட்டியைத் தானே திருடினவனைப் பார்த்திருக்கேன்.”

“ரெண்டு பேருக்கும் போன வாரம் பெரிய சண்டை. டீக்கடைக்காரரே சாட்சி.”

“எதுக்குச் சண்டை?”

நஷ்அத் சுவரைக் காட்டினார். “சொன்னாச் சிரிப்பீங்க. அந்த வாவ் எழுத்துக்கு.”

வாவ் என்பது தலைப்பிரட்டை மாதிரி இருக்கும் எழுத்து. மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வால்.

“அதோட வட்டத்துல ஒரு வெட்டு இருக்கில்ல? அது விரிசல் மாதிரி அசிங்கமா இருக்கு, மூடிடுன்னாராம் வக்தி. உயிரே போனாலும் மூட மாட்டேன்னு அந்தப் பொண்ணு கத்தியிருக்கா. ஒரு வெட்டுக்கு! இந்தக் கலைஞர்களையெல்லாம்...”

ஹானிம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சுவரை ஒட்டிப் போய் நின்றுவிட்டார். சுண்ணாம்புத் தூரிகைகள் இரண்டு கடை தள்ளி வந்துவிட்டன.

“பயூமி, இங்க வா. மத்த எழுத்துல இருக்கிற வெட்டெல்லாம் எப்படி இருக்கு?”

“கத்தியால கீறின மாதிரி நேரா இருக்கு.”

“வாவ்ல?”

பார்த்தேன். வட்டத்தின் வலது பக்கத்தில் சாயம் படாத ஓர் இடைவெளி. ஆனால் கோணலாக, தடியாக, முனை மழுங்கி, நடுவில் ஒரு முடிச்சு.

“வெண்டைக்காய் மாதிரி இருக்கு, ஹானிம்.”

“வெண்டைக்காய்க்குக் கணு எங்கயாவது நடுவுல இருக்குமா?”

“என் சம்சாரம் வாங்கறதுல இருக்கும்.”

ஹானிம் சட்டென்று கைபேசியை எடுத்தார். எடுத்த வேகத்தில் நஷ்அத் அதைப் பிடுங்கினார். வேலியில் தொங்கிய பலகையைக் காட்டினார். ‘துறைமுகப் பகுதி. படம் எடுக்கத் தடை.’ அதுவும் ஸ்டென்சில் எழுத்துதான், பழைய மெலிந்த ரகம்.

“மன்னிச்சுக்குங்க ஹானிம். மேலதிகாரி என் தோலை உரிச்சுடுவார்.”

“உங்க கிட்டப் படம் இருக்கா?”

“தெருவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து எடுத்தது. அதுல வெட்டு வெட்டாத்தான் தெரியுது.”

“அப்ப இந்தச் சுண்ணாம்பை நிறுத்துங்க!”

“நானா? மந்திரி சுவரையா?” நஷ்அத் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது அழுகைக்கு ரொம்பப் பக்கம்.

தூரிகைகள் பக்கத்துக் கதவை எட்டின. சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. ஹானிம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“பயூமி, உன் கலாபியா நல்ல வெள்ளையா இருக்கே.”

“சம்சாரம் நேத்துத்தான் துவைச்சா.”

“மெல்லிசுத் துணியா?”

“வெயில் காலம் பாருங்க, ஹானிம்.”

“திரும்பி நில்லு. பின்பக்கத்தைச் சுவரோட ஒட்டு.”

எழுபது வயதுக்கு மேல் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. திரும்பினேன். ஹானிம் என் கலாபியா அங்கியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் இழுத்து வாவின் மேல் விரித்து, கைப்பையிலிருந்து மாதுளை நிற உதட்டுச் சாயத்தை எடுத்து, அடியில் தெரிந்த சிவப்பின் ஓரத்தை அப்படியே ஒற்றி வரைய ஆரம்பித்தார். நான் தெருவைப் பார்த்து நின்றேன். தெரு என்னைப் பார்த்தது. பஸ் ஒன்று நின்றது. அங்கே நிறுத்தமே கிடையாது.

“ஆடாதே!”

“கூசுது, ஹானிம்.”

“வெண்டைக்காய் மட்டும் மிச்சம். மூச்சை அடக்கு.”

அடக்கினேன். அவர் என்னைப் பிடித்து இழுத்ததும் முதல் தூரிகை சுவரில் விழுந்ததும் ஒரே கணம். வாவ் மறைந்தது. என் இடது தோள்பட்டை வெள்ளையாயிற்று. ‘அடுத்தது நீ’ என்ற மிரட்டலின் கடைசி மிச்சம் என் பின்பக்கத்தில் இருந்தது.

நஷ்அத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஹானிம், இதைப் போய்க் கோர்ட்டுல எப்படிக் காட்டுவீங்க?”

“மரியாதையோட,” என்றேன்.

வரைந்த பக்கம் வெளியே தெரியும்படி அங்கியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். காபிக் கடையில் பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு ஒரு பெரிய பெட்டி வாங்கினோம். மூவரும் இனிப்பைத் தின்றுவிட்டு அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டோம். ஹானிம் என் பின்னால் உட்கார்ந்து என் அங்கியிலிருந்த வாவை அளவு மாறாமல் மூடியில் வரைந்தார். வெண்டைக்காயை மட்டும் விட்டுவிட்டார். வட்டம் முழு வட்டமாக இருந்தது. பிறகு கத்தியை என் கையில் கொடுத்தார்.

“ஸ்டென்சில் வெட்டு. சாயம் போக வேண்டிய இடத்தை எடுத்துடு.”

வாலை வெட்டினேன். வட்டத்தின் வெளிக்கோட்டை வெட்டினேன். உள்கோட்டை வெட்டி முடித்தேன். வட்டத்தின் நடுவில் இருந்த அட்டை வில்லை பொசுக்கென்று கழன்று என் தேநீரில் விழுந்தது.

“என்ன பண்ணினே?”

“நீங்க சொன்னதைத்தான். அது பிடிப்பே இல்லாமத் தொங்கினா நான் என்ன செய்ய?”

ஹானிம் கண்களை மூடிக்கொண்டார். மூட்டை அவிழ்க்கும்போது அடியில் வேறு சரக்கு தட்டுப்பட்டால் முன்பெல்லாம் இப்படித்தான் மூடுவார்.

“தம்பி, இப்ப நீங்க எடுங்க. தகட்டைச் சுவர்ல வச்சுச் சாயம் அடிக்கணும். நடு வில்லை இல்லாட்டி வட்டம் மொத்தமும் சிவப்பாயிடும். என்ன செய்வீங்க?”

தேநீரிலிருந்து எடுத்த வில்லையை நஷ்அத் அட்டையின் நடுவில் பொருத்தினார். அட்டையைத் தூக்கினார். வில்லை விழுந்தது. மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மறுபடி வைத்தார். மறுபடி குனிந்தார்.

“பார்த்தியா பயூமி, முதல் தடவை செய்யறவன் கீழே தேடறான்.” ஹானிம் எழுந்து அட்டையைக் கடைச் சுவரில் சாய்த்து, வில்லையை வட்டத்தின் நடுவில் வைத்து, ஒற்றை விரலால் அழுத்தினார். “இப்படித்தான் பிடிக்கணும். விரல் வட்டத்துக்குக் குறுக்கே போகுது. சாயம் அடிச்சா விரல் மறைச்ச இடம் மட்டும் வெள்ளையா நிக்கும்.”

என் பின்பக்கத்தை நானே திரும்பிப் பார்க்க முயன்றேன். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

“அப்ப அது வெண்டைக்காய் இல்ல,” என்றார் நஷ்அத் மெதுவாக.

“ஆள்காட்டி விரல். நடுவுல இருக்கிற முடிச்சு மோதிரத்தோட கல். ஷாஹிந்தா அந்த வெட்டை எதுக்கு மூட மாட்டேன்னா? அழகுக்கு இல்ல. அது பாலம், தம்பி. நடுவுல இருக்கிறதைப் பிடிச்சு வைக்கிற பாலம். அதுக்காகச் சண்டை போட்ட பொண்ணு, தானே அதை விட்டுட்டு விரலை வச்சுக்கிட்டு நிப்பாளா? பாலம் வேணாம்னு சொன்னவன் யாரு?”

நஷ்அத்தின் மீசை ஒரு கணம் சுருங்கியது. ஆனால் பையன் புத்திசாலி.

“போதாது, ஹானிம். கல் வச்ச மோதிரம் எங்க அப்பாவும் போடறார். அப்படிப் போட்டவனையெல்லாம் பிடிச்சா கெய்ரோ வரைக்கும் வரிசை நிக்கும். வண்டி அஸருக்குக் கிளம்பிடும். நான் நிறுத்தணும்னா அவர் கையே வந்து சொல்லணும்.”

“சொல்லும்,” என்றார் ஹானிம். “பயூமி, ஒரு டப்பா சிவப்பு ஸ்ப்ரே வாங்கிட்டு வா. நடக்கும்போது பின்பக்கத்தைச் சுவரோரமா வச்சுக்கோ. அழிஞ்சுடப் போகுது.”

வக்தியின் அலுவலகத்தில் குளிர்சாதனம் அவ்வளவு பலமாக வேலை செய்தது. சுவரில் மாட்டியிருந்த ஒட்டகப் படத்தில் ஒட்டகம் போர்த்திக்கொண்டிருந்தது போலத் தெரிந்தது. மேசை மேல் ஒப்பந்தம். எதிரே துறைமுகப் பொறியாளர் ஃபிக்ரி, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

வக்தி மெலிந்த மனிதர், பட்டுச் சட்டை. வலது ஆள்காட்டி விரலில் அகீக் கல் மோதிரம். அதை நான் பார்த்ததை ஹானிம் பார்த்தார். பேசாதே என்று புருவத்தால் சொன்னார்.

“பாவம் ஷாஹிந்தா,” என்றார் வக்தி. “என் தங்கச்சி மாதிரி. என் கிடங்கையே எரிச்சாலும் நான் அவளை மன்னிச்சுட்டேன். அந்தச் சுவரைத்தான் பார்க்கச் சகிக்கல. நல்லவேளை, வெள்ளையடிச்சுட்டாங்களாம்.”

“ஆமா,” என்றார் ஹானிம் சோகமாக. “இப்ப ஒண்ணுமே பாக்கியில்ல.”

வக்தியின் தோள்கள் இறங்கின. ஹானிம் ஃபிக்ரி பக்கம் திரும்பினார். ஃபிக்ரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அவருடைய பெட்டிகளை ஹானிம் திறந்து பார்த்திருக்கிறார்.

“இன்ஜினியர், கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு. உங்க ஆளுங்க கன்டெய்னர் மேல அடிக்கப் போறது ஸ்ப்ரேலதானே? ஒரு எழுத்தாவது அடிச்சுப் பார்த்தீங்களா?”

“அது... இல்ல. பார்க்கிறது நல்லதுதான்,” என்றார் ஃபிக்ரி அவசரமாக.

“நான் அட்டையில வெட்டிக் கொண்டுவந்திருக்கேன். வக்தி பாஷா, நீங்களே அடிச்சுக் காட்டுங்களேன்.”

“நானா?” வக்தி சிரித்தார். “ஹானிம், நான் ஆஃபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். இந்தச் சாய டப்பாவையெல்லாம் என் வாழ்நாள்ல தொட்டதில்ல.”

“அதனாலென்ன, சும்மா ஒரு எழுத்து. இன்ஜினியர் காத்துக்கிட்டிருக்கார்.”

ஃபிக்ரி பேனாவைக் கீழே வைத்தார். வக்தியின் கண் பேனாவின் மேல் போனது. எழுந்தார்.

பால்கனிக் கதவில் ஒரு பழைய போஸ்டரைப் பின்பக்கம் திருப்பி ஒட்டினோம். ஹானிம் பஸ்பூஸா மூடியை அவரிடம் நீட்டினார். நடு வில்லை வெறுமனே பொருத்தி வைத்திருந்தது. வக்தி மூடியைத் தூக்கினார். வில்லை நழுவியது.

அது தரையைத் தொடவேயில்லை.

இடது முழங்கையால் மூடியைக் கதவோடு அழுத்தி, விழுந்த வில்லையை வலது கையால் வழியிலேயே பிடித்து, வட்டத்தின் நடுவில் வைத்து, ஆள்காட்டி விரலைச் சற்று மடக்கி அதன் மேல் ஊன்றி, இடது கையால் டப்பாவைக் குலுக்கி அடித்தார். எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. பூரி சுடுகிறவர் பூரியைத் திருப்புவது போல.

அடித்து முடித்துவிட்டுத்தான் எல்லோரும் தன் விரலையே பார்ப்பதைக் கவனித்தார்.

“வாழ்நாள்ல தொட்டதே இல்லாத கை ரொம்ப நல்லாப் பழகியிருக்கே,” என்றார் ஹானிம். “இந்தத் தம்பி மேசைக்கு அடியில தேடினார். பயூமி தேநீர்ல தேடினான். நீங்க மட்டும் தேடவேயில்ல.”

வக்தி விரலைப் பார்த்தார். நகத்திலிருந்து கல் வரைக்கும் சிவப்பு. முகம் மட்டும் போஸ்டரை விட வெள்ளை. ஆனால் ஆள் விடுவதாக இல்லை.

“இது என்ன கூத்து! யார் செஞ்சாலும் இப்படித்தான் செய்வாங்க. அந்தச் சுவர்ல என்ன இருந்துச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? அதுதான் வெள்ளையாயிடுச்சே!”

“பயூமி,” என்றார் ஹானிம், “பாஷாவுக்கு மரியாதை பண்ணு.”

மெதுவாகத் திரும்பி நின்றேன். அறையில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. நஷ்அத் போஸ்டரைக் கதவிலிருந்து உரித்துக்கொண்டு வந்து என் அங்கியின் பக்கத்தில் பிடித்தார். ஈரம் என் முழங்கால் பக்கம் சொட்டியது.

“ரெண்டுலயும் கோணல் ஒண்ணுதான்,” என்றார் அவர். குரல் மாறியிருந்தது. “நீளம் ஒண்ணு. முடிச்சு இருக்கிற இடமும் ஒண்ணு. இன்ஜினியர், நீங்களும் பாருங்க.”

ஃபிக்ரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவ்வளவு பெரிய அதிகாரி என் பின்புறத்துக்கு இவ்வளவு நேரம் மரியாதை செய்தது அதுதான் முதல் தடவை.

“கிடங்குல இருந்தது வெறும் பழைய காகிதம்தான்,” என்றார் வக்தி. நாற்காலி அவருக்குக் கீழே தானாக வந்து சேர்ந்தது போல உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட விடமாட்டேன்னா. ஒரு கோடு, ஹானிம். அந்த ஒரு கோடு இல்லாம இருந்தா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? கம்ப்யூட்டர்ல நானே அழிச்சுட்டுத்தான் அச்செடுத்தேன். சுவருக்கு முன்னாடி நின்னு வெட்டும்போதுதான்... விழுந்துடுச்சு.”

“அவ சொல்லத்தானே செஞ்சா,” என்றார் ஹானிம்.

ஜன்னலுக்கு வெளியே முதல் மசூதியில் அஸர் அழைப்பு எழுந்தது. நஷ்அத் கைபேசியை எடுத்தார். எங்கள் கைபேசியைத்தான், பிடுங்கியதைத் திருப்பித் தர மறந்திருந்தார். “வண்டியை எடுக்காதே,” என்று கத்தினார். “சாவியைப் பிடுங்கு! நான் வர்றேன்!”

காவல் நிலைய வாசலில் வண்டியின் கதவு திறந்தேதான் இருந்தது. ஷாஹிந்தா இறங்கி வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது, கண்கள் வீங்கியிருந்தன. ஹானிம் கட்டிப்பிடித்தார். நான் தள்ளி நின்றேன். நஷ்அத் என் கலாபியாவைச் சாட்சியப் பொருளாகக் கேட்டு ஒரு கான்ஸ்டபிளின் மழைக் கோட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

“மாமா, திரும்புங்க,” என்றாள் ஷாஹிந்தா.

“நீயுமா?”

திரும்பினேன். அவள் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுட்டு விரலால் அந்த வெண்டைக்காயின் ஓரத்தைத் தடவினாள்.

“பாலம் ரொம்பத் தடி. இடமும் தப்பு,” என்றாள். “ஆனா நிக்குது.”

பிறகு ஃபிக்ரியின் பேனா இன்னும் மூடாமல் காத்திருக்கிறது என்று ஹானிம் சொன்னதும், முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான் மழைக் கோட்டோடு பின்னால் போனேன். தெருவில் இரண்டு பேர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை எடுக்க வீட்டுக்குள் ஓடினார்கள்.